படலைக்கு வெளியே

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



'பிறநாட்டில் ஆசிரியை' என்ற தலைப்பைச் சங்கம் எங்களிடம் தந்தபோது, வைத்தியத் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்டார்கள். வைத்தியரின் வேலையில் பாதி படிப்பிப்பதுதான். நீரிழிவுக்காரருக்குச் சோற்றின் அளவைப் பற்றி, முதல் பிள்ளை பெற்றவளுக்குத் தாய்ப்பாலைப் பற்றி, தினமும் பாடம் எடுக்கிறோம். அதையும் பிறநாட்டில், பிறமொழியில் எடுக்க நேர்ந்தவர்கள் நாங்கள். தலைப்பை ஏற்றுக்கொள்ள அது போதும் என்று நினைத்தோம்.

பிறநாட்டு ஆசிரியை என்றதும் இன்று நமக்கு லண்டனிலும் றொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் படிப்பிக்கும் நம் தோழிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் போக்குவரத்து முதலில் மறுபக்கமாகவே நடந்தது. இந்தக் குடாநாட்டுக்குத்தான் ஆசிரியைகள் கடல் கடந்து வந்தார்கள். 1862இல் பிரான்சின் போர்தோவிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களுக்கும் முன்னர் அமெரிக்கர் வந்தார்கள். அந்த அமெரிக்கப் பெண்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எலைசா அக்னியூ 1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில் பூமிசாத்திர வகுப்பில் ஆசிரியை தேசப்படத்தில் ஒரு தீவைக் காட்டி, கடல் கடந்து போன ஓர் இளம் அமெரிக்கப் பெண் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறாள் என்று சொன்னார். இன்று மொரிஷியஸ் என்கிறோமே, அந்தத் தீவு. கேட்ட பிள்ளை பயந்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளையோ தானும் போவது என்று அன்றே முடிவு செய்துவிட்டது. பெற்றோர் இருக்கும்வரை அவர்களுடன் இருந்துவிட்டு, முப்பத்திரண்டாம் வயதில், 1839 யூலையில், பொஸ்டனில் கப்பலேறினார். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது 1840 ஜனவரி. அமெரிக்க மிஷனிலிருந்து இலங்கைக்குத் திருமணமாகாமல் வந்த முதல் பெண்களில் அவரும் ஒருவர்.

அவர் பொறுப்பேற்றது உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை. 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் தொடங்கியது. தொடங்கிய அம்மையார் 1833இலேயே அங்கே இறந்துபோனார். இப்படி ஒரு கல்லறை ஏற்கெனவே காத்திருந்த இடத்துக்கு வந்த அக்னியூ, 1879வரை கற்பித்தார். இடையில் ஒருதரமாவது தாய்நாடு போய் வரவில்லை. ஓய்வுக்குப் போய் வாருங்கள் என்று சொன்னவர்களிடம் நேரமில்லை என்றாராம். ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். முதல் மாணவியரின் மகள்மார் படித்து, பேத்திமாரும் படித்தார்கள். 1883 யூனில் மானிப்பாயில் காலமானார்.

நாற்பது வருடம் ஒரு பெண் தனியே, வாந்திபேதி வந்தால் ஊரே காலியாகும் அந்தக் காலத்தில், எப்படித் தாக்குப்பிடித்தார்? மனவுறுதி, இறைநம்பிக்கை என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்லும். இருக்கலாம். எங்களுக்குப் படுவது வேறொன்று. அவர் பாடசாலை வளவுக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பழைய மாணவியரின் வீடுகளுக்குள் நுழைந்தார். யாருக்கு எந்த ஊரில் கலியாணமானது, யாருடைய பிள்ளை தப்பியது, யாருடையது தப்பவில்லை என்று தெரிந்த ஒருவருக்கு அந்த ஊர் எப்படி அந்நிய நாடாக இருக்கும்?

இதில் புகழ மட்டும் இல்லை. அவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள், ஒளிக்கவும் இல்லை. தொடக்க காலத்தில் பணம் தந்த அமெரிக்கர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டிய வழக்கமும் இருந்தது. தாய் தகப்பன் வைத்த பெயரை மாற்றிவிட்டு ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவிப்பது என்ன வகைக் கொடை என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்வியை ஆறுமுக நாவலர் தம்முடைய வழியில் கேட்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வந்தவர்களிடமும் எதிர்த்து நின்றவரிடமும் சேர்ந்தே யாழ்ப்பாணம் படித்தது.

அதே காலத்தில் மானிப்பாயில் இருந்த ஒருவரை எங்கள் தொழில் காரணமாக விட்டுவிட முடியாது. வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்தார். கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870இல். அதற்கு இருபது வருடங்களுக்கு முன்னரே இவர் இங்கே வகுப்பு நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில். பிறகு, 1860களில், தமிழில். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போவார்கள், தமிழில் படித்தவர்கள் தங்கள் ஊரில் நிற்பார்கள் என்பது அவருடைய கணக்கு. மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு நூல்களை மொழிபெயர்த்தார். 'பிரசவ வைத்தியம்' 1857. 'இரண வைத்தியம்' 1867. 'மனுஷ அங்காதிபாதம்' 1872. அனற்றமிக்கு அங்காதிபாதம், பிசியோலொஜிக்குச் சுகரணம். கெமிஸ்ரியிடம் மட்டும் தோற்றுக் 'கெமிஸ்தம்' என்று விட்டுவிட்டார் என்று எங்களுக்குள் பகிடி பண்ணுவோம். 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் தமிழ் நூல் வேலையை நிறுத்தவில்லை. 1884இல் இறந்தார். தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்று அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறது.

அவர் மொழிபெயர்த்ததன் அருமை எங்களில் சிலருக்கு ஸ்கொட்லாந்தில்தான் விளங்கியது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு கிளாஸ்கோவில் முதல் வேலை. மருத்துவத்தை ஆங்கிலத்தில் படித்தவள், பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். வார்ட்டில் ஒரு பாட்டி, இரண்டு நாளாகத் தன் புருஷன் 'பீலி-வாலி'யாக இருக்கிறார் என்கிறாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வருத்தம்! முகம் வெளிறிப் போயிருக்கிறது என்பதுதான் பொருள். இன்னொருத்தி யோர்க்ஷயரில் 'பூர்லி' என்ற சொல்லைக் கேட்டு, ஆள் ஏழை என்று நினைத்தாள். சுகமில்லை என்று அர்த்தம். நோயாளி தன் நோவைத் தன் வீட்டுப் பேச்சில்தான் சொல்லுவார். வீட்டுப் பேச்சைப் படிக்க ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வர வேண்டும்.

கிளாஸ்கோத் தோழி வந்தாள். ஓய்வு நாட்களில் பஸ் ஏறிக் கடைசித் தரிப்பிடம்வரை போய் நடந்து திரும்புவது அவளுடைய பழக்கமானது. ஒருமுறை ரயிலில் கிழக்குக் கரையில் ஆர்புரோத் என்ற மீன்பிடி ஊருக்குப் போனாள். அங்கே ஹடொக் என்ற மீனை இரண்டிரண்டாக வாலில் நூல் கட்டித் தடியில் தொங்கவிட்டு, வன்மரப் புகையில் வேகவைக்கிறார்கள். கருவாட்டு மணத்தில் வளர்ந்த குருநகர்ப் பிள்ளை விடுவாளா? எத்தனை மணித்தியாலம், என்ன மரம், உப்பு எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த கிழமை வார்ட்டில், இரண்டு நாளாக வாய் திறக்காத ஒரு முதியவரிடம் அந்த மீனைப் பற்றிக் கதை கொடுத்தாள். அவர் கடலுக்குப் போனவர். மீனில் தொடங்கியவர் இரவில் வரும் நெஞ்சுநோவில் வந்து நின்றார். அதை அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

வந்தவர்களைப் பற்றிச் சொன்னோம். போன ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1976இல் நைஜீரியா எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்த காலத்தையொட்டி, இங்கிருந்து பல ஆசிரியர்கள் அங்கே போனார்கள், சாம்பியாவுக்கும் போனார்கள். 'நைஜீரியாக் காசில் கட்டின வீடு' என்று இன்றும் சொல்கிறோம். எங்கள் உறவில் பெரியம்மா முறையான ஒருவர் நைஜீரியாவின் வடக்கில் கணிதம் படிப்பித்தார். மற்றவர்கள் நைராவை எண்ணியபோது, அவர் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் ஹௌசா படித்தார். 'இனா க்வானா' என்றால் நித்திரை எப்படி என்று கேட்டுக் காலை வணக்கம் சொல்வது. இங்கே வாடை வீசும் மாதங்களில் அங்கே ஹார்மட்டான் என்ற புழுதிக்காற்று வரும், கொடியில் காயும் சீலையெல்லாம் செம்புழுதியாகும் என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டிருக்கிறோம். 1986க்குப் பிறகு நைராவின் மதிப்புச் சரிய, பலர் திரும்பினார்கள். திரும்பியவர்களில் சிலரிடம் அந்த நாட்டைப் பற்றி ஒரு கதையும் இருக்கவில்லை. வங்கிப் புத்தகம் மட்டும் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சீதனத்துக்கும் வீட்டுக்கும் என்று போனவர்கள். ஆனால் பெரியம்மாவின் வீட்டில்தான் நாங்கள் போய் இருந்தோம்.

இனி, நம் ஊருக்கு வருவோம்.

அந்நிய தேசத்துக்குப் போகக் கடல் கடக்க வேண்டும் என்று இல்லை. 1990இல் தெல்லிப்பழைப் பக்கம் சனமெல்லாம் எழும்பி வந்தபோது, செம்மண்ணில் பிறந்த கணித ரீச்சர் ஒருவர் நம் பாடசாலைக்கு வந்தார். தூரம் பதினைந்து கிலோமீற்றர்தான். ஆனால் அவர் மரக்கறிச் சாப்பாட்டுக்காரர். கடற்கரை ஒழுங்கைக்குள் கால் வைத்தவர் அல்லர். பெரிய வீதியிலிருந்து நம் ஒழுங்கைகளுக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தை வருடக்கணக்கில் நடக்காத ரீச்சர்மாரும் இருந்தார்கள்; காரணம் நமக்கெல்லாம் தெரியும், வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை. இவர் குருநகரிலேயே ஓர் அறை வாடகைக்கு எடுத்தார். வீட்டுக்கார அம்மா அவருக்கென்று தனிச் சட்டியில் சமைத்தார்.

பிறகு கேள்விகள் தொடங்கின. சோளகம் எப்போது, வாடை எப்போது? சிறகுவலை என்றால் என்ன, களங்கட்டி என்றால் என்ன? பிடித்த மீனில் வள்ளத்துக்கு எத்தனை பங்கு, வலைக்கு எத்தனை, ஆளுக்கு எத்தனை? எங்கள் விகிதக் கணக்கெல்லாம் அந்தப் பங்கிலிருந்துதான் வந்தது. கடலுக்குத் தடை போட்ட நாட்களில் எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று அவருக்குத் தெரிந்தது. வகுப்பில் தூங்கும் பிள்ளை இரவு முழுக்க வலை பொத்தியவள் என்று தெரிந்தது. அடி விழவில்லை.

1993 நவம்பர் 13, சனிக்கிழமை. யாகப்பர் கோயில்மீது குண்டு விழுந்தது. அதைப் பற்றி இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் இந்த மலரை வாசிக்கக்கூடும் என்பதற்காக மட்டும் சொல்கிறோம்: கோயிலோடு மனிதரும் போனார்கள். அன்று ரீச்சர் வகுப்பு இடாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வந்தார். முப்பத்திரண்டு பெயர். வீட்டுக்காரர் ஓடிப்போயிருந்தால், எந்த உறவினர் வீட்டுக்கு ஓடியிருப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொருத்தியையும் கண்ணால் கண்டபின் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். இருட்டிய பிறகு ஜாம்போத்தல் விளக்கோடு எங்கள் கடைசித் தோழியின் வீட்டுக்குப் போனார். அவளும் இருந்தாள்.

அவர் முன்வரிசையில் இருக்கிறார். பெயரைச் சொன்னால் எழும்பிப் போய்விடுவார், அதனால் சொல்லவில்லை.

இன்றும் நம் பாடசாலைக்கு வெளியூர் ஆசிரியைகள் நியமனம் பெற்று வருகிறார்கள். மலையகத்திலிருந்து, வன்னியிலிருந்து, மட்டக்களப்பிலிருந்து. தங்க இடம் கிடைக்காமல் தூரத்தில் அறை எடுத்து, பஸ்ஸில் வந்து, மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடித்து, இடமாற்றத்துக்கு நாள் பார்க்கிறார்கள். அவர்களில் குறை காண எங்களுக்கு மனமில்லை. படலைக்கு வெளியே அவர்களை யார் கூப்பிட்டார்கள்?

நூற்றாண்டு நிதியில் பெரிய வீதிப் பக்கமாக ஒரு முகப்பு வளைவு கட்டும் யோசனை இருப்பதாக அறிகிறோம். வளைவு அழகாக இருக்கும், படம் எடுக்கவும் நல்லது. ஆனால் எங்கள் வகுப்பின் பங்கை வேறொன்றுக்குத் தர விரும்புகிறோம். குருநகர் ஒழுங்கைக்குள், கிணறும் மின்சாரமும் உள்ள இரண்டு மூன்று அறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, வெளியூரிலிருந்து வரும் ஆசிரியைகளுக்குக் கொடுப்பது. வந்து முதல் மாதத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊரில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி அவர்களைக் கூட்டிக்கொண்டு துறைக்கும் சந்தைக்கும் நாலு வீட்டுக்கும் போய்வருவது. மச்சம் சாப்பிடாதவர்களுக்குத் தனிச் சட்டி. ஐந்து வருட வாடகையை லண்டன், றொறன்ரோ, ஒஸ்லோவில் உள்ள எங்கள் வகுப்புத் தோழிகள் பொறுப்பெடுத்துவிட்டார்கள். வீடு பார்க்கவும் சனிக்கிழமை நடைக்கும்தான் ஊரில் ஆள் வேண்டும்.

இதை நாளை நடக்கும் பொதுக்கூட்டத்தில் பிரேரணையாக வைக்கிறோம். வழிமொழிய விரும்புபவர்கள் தேநீர் நேரத்தில் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.