மரத்த விரல்களும் மாத்திரை நம்பிக்கையும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற சுகாதார நாள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சுகாதாரம் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டும் என்று தந்தையவர்கள் பணித்தபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. நம் பங்கில் நோயாளிகளை வீடு தேடிச் சென்று பார்த்துவரும் தாய்மார்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். "புற்றுநோய்க்கு ஊசி ஏற்றியதிலிருந்து கையும் காலும் மதமதவென்று மரத்துக் கிடக்கிறதாம். ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் நரம்பு கெடாது என்கிறார்களே, வாங்கிக் கொடுக்கலாமா?" என்பதே அக்கேள்வி. அதற்கு விடை கூறவே இங்கு நிற்கிறேன்.

நம் சிவகாசிப் பக்கத்தில் மருந்து என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து. பட்டாசுக் குழாயில் செலுத்துவதும் மருந்து. என் தகப்பனார் மருந்து செலுத்தும் வேலை பார்த்தவர். நான் புற்றுநோய்ப் பிரிவில் மருந்து ஏற்றும் வேலை பார்த்தவள். அளவு தவறினால் ஆளைப் பதம் பார்ப்பதில் இரண்டு மருந்தும் ஒன்றுதான்.

பட்டாசு மருந்தில் கரியும் கந்தகமும் எரியும் பொருள்கள். அவை எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைக் கொடுப்பது வெடியுப்பு. இதை இங்கே யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் உடம்பிலும் இப்படி ஒரு எரிப்பு ஓயாது நடக்கிறது. உண்ட உணவைப் பிராணவாயுவின் துணையால் மெல்ல மெல்ல எரித்துத்தான் உடல் சக்தி பெறுகிறது. ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணிய அடுப்புகள் இருக்கின்றன. அடுப்பு பழுதானால் தீப்பொறி சிதறுவது போல, இவை பழுதானால் கேடு செய்யும் பிராணவாயுத் துணுக்குகள் மிகுதியாகச் சிதறுகின்றன. அவற்றை அவித்து அடக்கும் பொருள்களுக்கே ஆன்டி ஆக்சிடன்ட் என்று பெயர். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, நம் உடம்பே தயாரித்துக்கொள்ளும் குளூட்டத்தயோன் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இனி நரம்புக்கு வருவோம். நம் இடுப்புப் பகுதியிலிருந்து கால் விரல் நுனி வரை செல்லும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அவ்வளவு தூரமும் உணவும் சரக்கும் போய்ச் சேர உள்ளே நுண்ணிய தண்டவாளங்கள் உண்டு. பாக்லிடாக்செல் என்ற மருந்து அத்தண்டவாளங்களை இறுகச் செய்துவிடுகிறது. வின்கிறிஸ்டின் அவற்றைக் கட்டவே விடுவதில்லை. சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்துகள் முதுகுத்தண்டின் ஓரத்திலுள்ள உணர்வு நரம்பு முடிச்சுகளில் போய்த் தங்குகின்றன. நரம்பின் அடுப்புகளும் இவற்றால் பழுதாகின்றன. ஆகவேதான் மிக நீளமான நரம்புகளின் முனையான பாதத்தில் முதலிலும், அடுத்துக் கைவிரலிலும் மதமதப்பு தோன்றுகிறது. சிலருக்கு ஊசி குத்துவது போலவும் எரிவது போலவும் இருக்கும். ஆக்சாலிபிளாட்டின் ஏற்றியவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டாலே விரல் சுரீர் என்னும்.

இது அரிதாக வரும் தொல்லையும் அன்று. 31 ஆய்வுகளில் 4,179 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் அறிக்கை 2014-இல் வெளிவந்தது. கீமோ முடிந்த முதல் மாதத்தில் நூற்றுக்கு 68 பேருக்கு இத்தொல்லை இருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகும் நூற்றுக்கு 30 பேருக்கு நீடித்தது.

வின்கிறிஸ்டின் எங்கிருந்து கிடைக்கிறது தெரியுமா? நம் கல்லறைத் தோட்டத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கிறதே, நித்தியகல்யாணி, அச்செடியிலிருந்துதான். நம் தென் மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் இதைப் பயிராகவே விதைக்கிறார்கள். 1950-களில் கனடா நாட்டில் சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா என்று இந்த இலையைச் சோதித்தபோது, அது இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அந்த வழியில் வந்த வின்கிறிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தப் புற்றுநோய் கண்ட எத்தனையோ குழந்தைகளை அது பிழைக்க வைத்திருக்கிறது. அதே மருந்துதான் அக்குழந்தைகளின் பாதத்தையும் மரக்கச் செய்கிறது. (இதைக் கேட்டு யாரும் அச்செடியைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். அது நஞ்சு.)

ஆகவே, தீப்பொறியால் நரம்பு கெடுகிறது என்றால் தீப்பொறியை அவிக்கும் மாத்திரை நரம்பைக் காக்கும் என்று அறிஞர்கள் எண்ணியது நியாயமே. சிறு ஆய்வுகள் சில நம்பிக்கையும் தந்தன. பிறகு பெரிய அளவில், ஒரு சாராருக்கு உண்மையான மருந்தும் மறு சாராருக்கு அதைப் போன்ற வெறும் மருந்தும் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாதபடி சோதித்தார்கள். அந்த முடிவுகளைக் கேளுங்கள்.

முதலாவது வைட்டமின் ஈ. அமெரிக்காவில் 207 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு நரம்புத் தொல்லை கண்டது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 29 பேருக்குக் கண்டது. பயன் இல்லை.

இரண்டாவது ஆல்பா லிப்போயிக் அமிலம். சர்க்கரை நோயாளியின் நரம்புக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வந்ததால் இதன்மேல் நம்பிக்கை அதிகம். 243 பேருடன் தொடங்கிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. 70 பேர்தான் கடைசி வரை தொடர முடிந்தது. இரு சாராருக்கும் வேற்றுமை காணவில்லை.

மூன்றாவது குளூட்டத்தயோன். 185 பேருக்குச் சொட்டு மருந்தாகவே ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் 2014-இல் பயனில்லை என்று முடிந்தது.

நான்காவது அசெட்டைல் எல் கார்னிட்டின். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 409 பெண்களிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. 24 வாரம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நரம்புத் தொல்லை குறையவில்லை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகமாயிற்று! இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த வேற்றுமை மறையவில்லை. காவலுக்கு வைத்தவனே கன்னம் வைத்த கதைதான்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2014-இலும் மறுபடி 2020-இலும் வழிகாட்டி வெளியிட்டது. நரம்புக் கேட்டைத் தடுக்க இன்ன மாத்திரை கொடுங்கள் என்று பரிந்துரைக்கத்தக்கது ஒன்றுமில்லை என்பது அதன் தீர்ப்பு. கார்னிட்டினைக் கொடுக்கவே வேண்டாம் என்றும் கூறியது. வலி வந்த பின் அதைத் தணிக்க டுலாக்செட்டின் என்ற ஒரே மருந்தைத்தான் குறிப்பிட்டது. அதையும் டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். கீமோ மருந்துகளில் சில, புற்றுநோய்ச் செல்லைக் கொல்வதற்கே அந்தத் தீப்பொறியைத்தான் ஓரளவு பயன்படுத்துகின்றன. நரம்பைக் காப்பதாக எண்ணி நாம் ஊற்றும் தண்ணீர், பகைவனின் வீட்டில் வைத்த நெருப்பையும் அவித்துவிட்டால்? முடிந்த முடிவாக யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆயினும் எச்சரிக்கையாக இருப்பதே நலம். "சத்து ஊசிதானே" என்று பி வைட்டமின்களை நாமாகப் போட்டுக்கொள்வதும் அப்படித்தான். பி12 குறைவு இருந்தால் சோதித்துச் சரிசெய்ய வேண்டும், உண்மைதான். ஆனால் பி6 அளவு மீறினால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்கும்.

நான் வேலையில் இருந்தபோது, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டிப் பிழைக்கும் ஒரு தாய் வாரந்தோறும் பாக்லிடாக்செல் ஏற்றிக்கொள்ள வருவார். ஐந்தாவது வாரம் அவருடைய ரவிக்கை ஊக்கை மகள் மாட்டிவிடுவதைக் கண்டேன். "கை என்னம்மா ஆச்சு?" என்றேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். வற்புறுத்திக் கேட்டதும் கண் கலங்கிவிட்டார். "சொன்னா ஊசிய நிறுத்திருவாகல்ல, நர்ஸம்மா?" என்றார். மூன்று வாரமாக விரல் மரத்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், கடனுக்கு நரம்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார். அது காக்கும் என்று நம்பியதால் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாத்திரை அவருக்குச் செய்த பெரிய கேடு அதிலிருந்த சரக்கால் வந்ததன்று. அது வாங்கிக் கொடுத்த மௌனத்தால் வந்தது. டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். அவர் கோபிக்கவில்லை, சிகிச்சையை நிறுத்தவுமில்லை. மருந்தின் அளவைக் குறைத்தார், இடைவெளி விட்டார். அந்தத் தாய் சிகிச்சையை முடித்தார். ஓராண்டில் விரல்களுக்குப் பெரும்பாலும் உணர்ச்சி திரும்பியது. நுனி மட்டும் இன்றுவரை முழுதாகத் தெளியவில்லை. மூன்று வாரம் முன்னதாகச் சொல்லியிருந்தால் அதுவும் தெளிந்திருக்குமோ என்ற எண்ணம் எனக்கு உண்டு.

ஆனபடியால் நோயாளிகளைப் பார்க்கச் செல்லும் தாய்மார்களே, போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நாலு கேள்வியையும் கொண்டு செல்லுங்கள். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? பார்க்காமல் தடவியே ஒரு ரூபாய்க் காசையும் ஐந்து ரூபாய்க் காசையும் பிரிக்க முடிகிறதா? செருப்பு கழன்றால் தெரிகிறதா? இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறதா? ஒன்றுக்கு மாறான பதில் வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லச் செய்யுங்கள். சாப்பிடும் மாத்திரை, லேகியம், பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவர் முன் வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். அவர்களுக்கு ஆபத்து அதிகம். பிளாட்டின மருந்தில், ஊசி முடிந்த பிறகும் சில மாதம் மதமதப்பு கூடக்கூடும் என்பதால், முடிந்துவிட்டதென்று அசட்டையாக இருக்கலாகாது.

மரத்துப்போனவர்கள் வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இரவுதோறும் உள்ளங்காலை வீட்டார் பார்க்க வேண்டும். பட்டாசு வேலைக்குத் திரும்புவோருக்கு ஒரு வார்த்தை. உராய்ந்தாலே பற்றும் மருந்தைக் கையாளும் இடத்தில் விரல்தான் உங்கள் காவல்காரன். விரலுக்கு உணர்ச்சி திரும்பும் வரை அந்த அறை வேண்டாம். மேஸ்திரியிடம் கேட்டு வேறு வேலை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களோடு அங்கே உட்கார்ந்திருப்போரின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் நெல்லிக்காயும் முருங்கைக் கீரையும் சாப்பிடக்கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். உணவாக உண்பது வேறு. அதன் சாரத்தை அளவு மீறி மாத்திரையாக விழுங்குவது வேறு. மாத்திரைக்குக் கடன் வாங்கும் பணத்தில் நோயாளிக்கு ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் செலவு ஆகியவற்றைப் பாருங்கள்.

நரம்பைக் காக்கும் மாத்திரை நாளை ஒருவேளை வரலாம். ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. இன்று நம் கையில் இருக்கும் காவல், மரத்த அன்றைக்கே வாய் திறந்து சொல்வது. அதற்குக் காசு வேண்டாம். "சொல்லுங்கம்மா, ஊசிய நிறுத்த மாட்டாக" என்று பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நம் பங்கு மக்கள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.