கைபேசிக் கடையும் காலக் கணக்கும்



காரைக்கால்மேடு கடலோர மீனவர் ஊர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அந்நாட்களிலேயே வருகிறது. வருவாய் சுருங்கும் பருவமும், பிள்ளைகள் கையில் கைபேசி நெடுநேரம் இருக்கும் பருவமும் ஒன்றே என்பதை அவ்வூர்த் தாய்மாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அவ்வூருக்கு வேறொரு நிலைமையும் உண்டு. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது, நிலப்புறமெங்கும் தமிழ்நாடு. தமிழ்நாடு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை மூடிவைக்கக் கட்டளையிட்டன. சென்னை உயர்நீதிமன்றமும் அவ்வாண்டு ஜூனில் அவ்விதிகளை ஏற்றது. வாஞ்சூர் எல்லையைக் கடந்தால் அச்சட்டம் செல்லாது. நாகூரில் உள்ள சிறுவனுக்கும் காரைக்கால்மேட்டில் உள்ள சிறுவனுக்கும் கைபேசி ஒன்றே, காவல் வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே பணப்பந்தய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடை செய்தது.

சூதின் தீமை இச்சபைக்குப் புதிதன்று. ஏழு வியசனங்களில் முதலாவதாக எண்ணப்படுவது அது. சட்டம் தொடாத எளிய பொழுதுபோக்கு விளையாட்டுகளே ஆராயத்தக்கவை. அவற்றில் பந்தயம் இல்லை, தோற்றால் இழக்கும் தொகையும் இல்லை. ஆகவே பெற்றோர் கவலையின்றி விட்டுவிடுகின்றனர்.

கேண்டி கிரஷ் என்னும் மிட்டாய் விளையாட்டைப் பாருங்கள். 2012இல் வந்தது, இலவசம். ஆடுபவருக்கு 5 உயிர்கள் தரப்படும். ஒரு கட்டத்தில் தோற்றால் ஓர் உயிர் போகும். அது மீண்டும் வர 30 நிமிடம் ஆகும். ஐந்தும் போனால் முழுவதும் நிரம்ப இரண்டரை மணி நேரம். காத்திருக்க மனமில்லாதவர் பணம் கொடுத்து உடனே ஆடலாம். அங்கே விற்கப்படுவது மிட்டாயும் அன்று, விளையாட்டும் அன்று. பொறுமையின்மைக்கே விலை வைக்கப்பட்டிருக்கிறது. (இதை ஆடுவோர் சிறுவர் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். மதிய உணவுக்குப் பின் தாத்தாக்கள் படும் பாட்டையும் வீட்டார் அறிவர்.)

தந்தையின் கணக்கு ஏற்கெனவே கடையில் இணைந்திருக்க, பிள்ளை ஒரு பொத்தானை அழுத்துகிறான். கொடாததைக் கொள்ளலாகாது என்று பாடசாலையில் கற்றவன்தான். எனினும் பணத்தை எடுத்ததாகவே அவன் உள்ளம் உணர்வதில்லை. பெட்டியைத் திறக்கவில்லை, நோட்டைத் தொடவில்லை. அவனைக் கள்வன் என்று அடிப்பது நீதியாகாது. தடையின்றி வாங்குவதற்கென்றே அக்கடை அமைக்கப்பட்டிருக்கிறது.

வாங்கியதேனும் நிலைக்குமா? யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்னும் கார் விளையாட்டின் வழங்கிகள் 2024 மார்ச் 31இல் நிறுத்தப்பட்டன. விலை கொடுத்து வட்டு வாங்கியவரும் பிறகு தனியாகக்கூட ஆட இயலவில்லை. மின்கடைகள் பொதுவாக விற்பது பொருளை அன்று, பயன்படுத்தும் அனுமதியை. அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2025 தொடக்கம் முதல் சட்டமே வைத்திருக்கிறது. தள்ளுபடி நாளில் பத்து விளையாட்டுகளை வாங்கி, எட்டைத் திறவாமலே வைத்திருப்போர் பலர்.

இங்கே போகோபபோக பரிமாணம் நினைவுக்கு வருவது இயல்பு. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உணவு, ஊர்தி, ஆடை, அணி ஆகியவற்றோடு இசையையும் வைத்து எண்ணி, அளவுபடுத்தச் சொல்கிறார். வாழ்நாள் முழுமைக்கும் விடுவது யமம். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம் எனக் காலம் குறித்து விடுவது நியமம். கைபேசியைப் பிடுங்கி எறியும் தந்தை யமத்தைத் திணிக்கிறார். அது மறுநாளே உடைகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றது நியமம். கதிரவன் மறைந்தபின் உண்ணாத வீட்டில், உணவு முடிந்தபின் கைபேசிக்கும் ஓய்வு என்று தாயும் தந்தையும் சேர்ந்தே ஏற்கலாம். பெரியவர் ஏற்காத நியமத்தைப் பிள்ளை ஒரு நாளும் ஏற்பதில்லை.

கடைக்கும் ஒரு பூட்டு உண்டு. கூகுள் பிளே கடையின் அமைப்புகளில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்குமாறு வைக்கலாம். தவறி வாங்கியதைத் திருப்பித் தரக் கோருவதானால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே விண்ணப்பிப்பது நல்லது. ஸ்டீம் கடையில் வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணம் திரும்பும். ஆகவே, செலவைக் கண்டவுடன் பிள்ளையை அதட்டுவதற்கு முன் அவனையே அருகில் அமர்த்தி, அந்த விண்ணப்பத்தை அவன் கையாலேயே நிரப்பச் செய்யுங்கள்.