கதையும் கதைத்தலும்



யாழ்ப்பாணத்தான் ஒருவன் சென்னைக்குச் சென்று, அங்குள்ள நண்பரிடம், ‘உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்’ என்று கூறுவானாயின், அந்த நண்பர் அவன் முகத்தை ஒருமுறை உற்றுநோக்குவார். கதை கட்ட வந்தவனோ என ஐயுறுவார். சென்னையார் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, ஒரு வீட்டுத் தாயிடம், ‘நேற்று உங்கள் மகனோடு நெடுநேரம் பேசினேன்’ என்றாலோ, அத்தாய் திடுக்கிட்டு, ‘பிள்ளை என்ன பிழை விட்டவன்?’ என்று கேட்பாள். குடாநாட்டு வழக்கிற் பேசுதல் என்பது பெரும்பாலும் ஏசுதலையே குறிப்பது.

இது நகைப்புக்குரிய செய்தியாக மாத்திரம் இருந்திருந்தால் இதனை இவ்வளவு விரிக்க வேண்டியதில்லை. பள்ளிக் கட்டுரையிலே ‘கதைத்தான்’ என எழுதிய மாணவனுக்குச் சிவப்பு மையாற் கோடிடும் ஆசிரியர் பலர். ‘அது கொச்சை; பேசினான் என்று எழுது’ என்பது அவர் கட்டளை. மாணவனோ, தாயும் தந்தையும் நாள்முழுதும் வழங்குஞ் சொல் இழிந்தது என்று எண்ணத் தலைப்படுகிறான். அவ்வெண்ணம் வேரூன்றிவிட்டால், எழுதும்போது அவன் தன் சொல்லை நம்பமாட்டான். பிறர் சொல்லைத் தேடித் தடுமாறுவான்.

கதைத்தல் கொச்சையா என்பதை அச்சொல்லின் பிறப்பைக் கொண்டே ஆராய்தல் நன்று. கதை என்பது வடமொழியிலிருந்து வந்த பெயர். ‘எப்படி’ என்னும் பொருள்தரும் ‘கதம்’ என்ற சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவர் அறிஞர்; நடந்தது எப்படி என எடுத்துச் சொல்லுவதே கதை. அப்பெயரினின்று ‘கதைத்தல்’ என்னும் வினை தோன்றியது. முதலிற் கதை சொல்லுதலைக் குறித்தது, பின்னர் எதனையும் சொல்லுதலாய், ஈற்றில் இருவர் உரையாடுதலாய் விரிந்தது.

இனி ஆங்கிலத்தை நோக்குவோம். அம்மொழியில் மிகச் சாதாரணமாக வழங்கும் ‘டாக்’ என்னும் வினை எங்கிருந்து வந்தது? கதை என்னும் பொருளுடைய ‘டேல்’ என்னும் சொல்லின் வேரினின்றே வந்தது. ‘கேள்’ எனப் பொருள்படும் ‘ஹியர்’ என்பதினின்று ‘ஹார்க்’ பிறந்தவாறே, ககர ஒலி ஈற்றிலே சேர்ந்து ‘டாக்’ ஆயிற்று. ஆகவே ஆங்கிலேயன் டாக் செய்வதும் யாழ்ப்பாணத்தான் கதைப்பதும் பிறப்பால் ஒரே தொழிலாம். அதே வேரினதாகிய ‘டெல்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் எண்ணுதல் என்றே பொருள். வங்கியிற் பணத்தை எண்ணிக் கொடுப்பவரை இன்றும் ‘டெல்லர்’ என்பது அதனாலேயே. ஒல்லாந்தர் மொழியில் ‘டெல்லன்’ என்றால் இன்றும் எண்ணுதல்தான். நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிச் சொல்லுவது கதையாயிற்று போலும்!

1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயரின் மொழியிலும் இதே நிலைமை. பேசுதலைக் குறிக்கும் அவர்களுடைய ‘ஃபலார்’ என்னும் வினை, கதை எனப் பொருள்தரும் ‘ஃபாபுலா’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. லிஸ்பனிலே அதனைக் கொச்சை என்பார் ஒருவருமிலர்.

கதைத்தலுக்குத் தோழனாக ‘பறைதல்’ என்றொரு வினையும் குடாநாட்டு முதியோர் வாயில் வழங்கியதுண்டு. அதுவே மலையாளத்தில் இன்றும் அன்றாட வினை. யாழ்ப்பாணத்தில் அது தேய்ந்து வருவது வருந்தத்தக்கது. அதற்கும் கோடிட்ட ஆசிரியர்கள் இருந்திருப்பர். இத்தனைக்கும், 1842ஆம் ஆண்டிலேயே ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ் அகராதியை அச்சிட்ட நாடு இது.

பேசுதலை யாழ்ப்பாணத்தார் முற்றாகக் கைவிட்டாரல்லர். கலியாணத்தை அவர்கள் கதைப்பதில்லை, பேசுவர். அம்முயற்சிக்குப் ‘பேச்சுக்கால்’ என்ற அழகிய பெயரும் உண்டு. சீதனத்தில் இணக்கம் காணாது பேச்சுக்கால் முறிந்தால், இரு வீட்டாரும் அதன்பின் கதைப்பதுமில்லை. இந்த நுட்பத்தை ‘பேசுதல்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வாறு எழுதுவது?

1983ஆம் ஆண்டுக்குப் பின் கடல்கடந்த குடும்பங்களும் இவ்வினையை உடன்கொண்டு சென்றன. தொரன்டோவிற் பிறந்த பிள்ளைக்குத் தமிழிற் பல சொற்கள் தெரியாதிருக்கலாம். ஆயினும் ஊரிலுள்ள அம்மம்மா தொலைபேசியில் அழைத்தால், ‘அம்மம்மாவோடு கதை’ என்று தாய் சொல்ல, அது கருவியை வாங்கிக் காதில் வைத்துக்கொள்கிறது.