பெரியவங்க சொன்னதை நோட்டில் ஏற்றுவோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



இன்று சேமிப்பு, கடன், வங்கி பற்றிப் பேசப் போவதில்லை. "அப்படின்னா வேற என்ன மேடம்?" என்று பின்னால் ஒரு அக்கா கேட்பது காதில் விழுகிறது. ஒரு விதைப் பானையைப் பற்றிப் பேசப் போகிறோம்.

போன மார்கழியில் நம் குழு ஒன்றின் மூத்த உறுப்பினர் காலமானார். அவர் மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு மொச்சை ரகம் இருந்தது. தை மாதம் காய் பறித்து, மருமகள் வழக்கம்போல விதை எடுத்துப் பானையில் போட்டு வைத்தார். ஆடியில் திறந்து பார்த்தால் எல்லாம் வண்டு அரித்து மாவாகக் கிடந்தது. "அத்தை இருந்தவரைக்கும் ஒரு விதைகூட அரிச்சதில்லை மேடம். சாம்பல் போடுவாங்கன்னு மட்டும் தெரியும். எவ்வளவு போடுவாங்க, எத்தனை வெயில் காய வைப்பாங்கன்னு நான் கேட்டு வெச்சுக்கலை" என்று அந்த மருமகள் அழுதார். கடையில் வேறு மொச்சை கிடைத்தது. அந்த வீட்டு மொச்சை போனது போனதுதான்.

இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அந்த வீட்டுத் திண்ணையில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறோம். பாஸ்புக் பார்த்தோம், வருகைப் பதிவேடு சரிபார்த்தோம். சமூகப்பணி படித்துவிட்டு வந்த நாங்கள் அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தோம். அவரிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. "உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இன்று பேசுகிறோம்.

சகோதரிகளே, எழுதி வைக்காத அறிவுக்கு இரண்டு ஆபத்து. ஒன்று, ஆளோடு போய்விடும். இன்னொன்று, வேறு ஒருவர் தன்னுடையது என்று சொல்லிவிடலாம்.

மஞ்சள் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கையில் வெட்டுப்பட்டால் மஞ்சள் வைப்பது நம்ம வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் 1995-ல் அமெரிக்காவில், காயம் ஆற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்துவதற்கு ஒரு மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். காப்புரிமை என்றால், "இது என் கண்டுபிடிப்பு, என்னைக் கேட்காமல் இந்த நாட்டில் யாரும் இதைத் தொழிலாகச் செய்யக் கூடாது" என்று அரசாங்கம் தரும் உரிமை.

நம் நாட்டின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் 1996-ல் இதை எதிர்த்தது. "எங்க பாட்டி காலத்திலிருந்து செய்யறோம்" என்று சொன்னால் போதவில்லை. வெளிநாட்டில் வாய்ப்பேச்சாக வழங்கி வந்ததை அப்போது அங்கே சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அச்சில் வந்த எழுத்து வேண்டும். சமஸ்கிருதம், உருது, இந்தி என்று பல மொழிகளில் தேடி 32 ஆதாரங்களைக் காட்டினார்கள். 1953-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரையும் அதில் உண்டு. 1997-ல் அந்த உரிமைக் கோரிக்கைகள் தள்ளுபடியாயின. மஞ்சளைக் காப்பாற்றியது எழுத்து.

வேம்பு விஷயத்தில் இன்னும் நாள் இழுத்தது. வேப்ப எண்ணெயைக் கொண்டு பயிரில் வரும் பூஞ்சை நோயைத் தடுப்பதற்கு 1994-ல் ஐரோப்பாவில் காப்புரிமை கொடுத்தார்கள். அது 2000-ல் ரத்தானது. மேல்முறையீடும் முடிய 2005 ஆகிவிட்டது.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2001-ல் மத்திய அரசு பாரம்பரிய அறிவு மின்னணு நூலகம் தொடங்கியது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, யோகா நூல்களில் உள்ள 4 லட்சத்துக்கும் மேற்பட்ட முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பான் மொழிகளில் பதிந்து வைத்திருக்கிறார்கள். அவையெல்லாம் ஏற்கெனவே நூலில் இருந்தவை. நம்ம ஊர் ஆயாவின் விதைப் பானை எந்த நூலில் இருக்கிறது?

கேட்டு எழுதி, உரிய பங்கு கொடுத்த கதையும் உண்டு. 1987-ல் அகத்தியமலைக்குப் போன ஆராய்ச்சியாளர்கள் ஏறமுடியாமல் களைத்துப் போனார்கள். வழிகாட்ட வந்த காணிப் பழங்குடி மக்கள் மட்டும் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே தெம்பாக நடந்தார்கள். ஆரோக்கியப் பச்சை என்கிற அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. அதற்காகக் கிடைத்த உரிமைத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்கள் பெயரில் அறக்கட்டளையும் அமைந்தது.

அறிவு என்றால் மருந்தும் விதையும் மட்டும் இல்லை. நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, புள்ளிக்கோலம், ஓலை முடைவது எல்லாமே அறிவுதான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இவற்றைப் படிக்க நாட்டார் வழக்காற்றியல் என்று தனித் துறையே இருக்கிறது. "எனக்கு என்ன தெரியும், நான் கைநாட்டு" என்று சொல்லும் அம்மாவின் பாட்டுக்குப் பட்டப்படிப்பு நடக்கிறது!

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பழசு எல்லாமே நல்லது என்று நாம் சொல்லவில்லை. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணி, தேன், கழுதைப்பால் கொடுப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, தொப்புளில் சாம்பலோ சாணமோ வைப்பது, இதெல்லாம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். பாம்பு கடித்தால் நேரே அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். எல்லாவற்றையும் எழுதுவோம். எதைத் தொடரலாம், எதை மருத்துவரிடம் கேட்க வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்று பிரித்து எழுதுவோம். படிப்பது என்றால் அதுதான்.

எப்படிச் செய்வது? நமக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். தீர்மான நோட்டு எழுதத் தெரிந்த கை நம்முடையது. குழுவுக்கு ஒரு தனி நோட்டு போடுங்கள். மாதம் ஒரு பெரியவரிடம் உட்காருங்கள். சொன்னவர் பெயர், தேதி, யாரிடம் கற்றார், எந்தப் பருவத்தில் செய்வார், என்ன அளவு, எப்படிச் செய்வார், எப்போது செய்யக் கூடாது, இவற்றைக் கேட்டு எழுதுங்கள். "ஒரு கை" என்று சொன்னால் அந்தக் கையளவை வாங்கிப் படியில் அளந்து எழுதுங்கள். பாட்டு என்றால் பள்ளிக்கூடம் போகும் பெண் செல்போனில் பதியட்டும். முடித்ததும் தீர்மானம் வாசிப்பதுபோல் அவருக்கே வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.

"இதை வெளியாளுக்குச் சொல்லலாமா?" என்பதையும் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் எழுதி, அவர் சொல்லை மதியுங்கள். யாராவது வந்து கேட்டால் குழுக்கூட்டத்தில் வைக்காமல் நோட்டைக் கொடுக்காதீர்கள். 2002-ல் வந்த பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளாட்சியில் ஒரு குழு அமைத்து, ஊரின் செடி கொடி, விதை, அவை சார்ந்த அறிவை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். "நம்ம ஊர்ல அந்தப் பதிவேடு எங்கே இருக்கு?" என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். அதில் பெண்கள் சொன்னது ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக அந்த மருமகளைப் பற்றி. அவர் சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தெருவில் அத்தையின் சிநேகிதி ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டு, விதையைக் காய வைப்பது, சாம்பல் கலப்பது, பானைக்குள் நொச்சி இலையும் வேப்பிலையும் போடுவது, வாயை மண்ணால் பூசுவது என்று எல்லாவற்றையும் மகளின் பழைய நோட்டில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். நம் கூட்டமைப்பில் முதல் நோட்டு அதுதான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கமாவது எழுதி வாருங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமோ மாமியாரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.