மருத்துவம் பயிலும் பிள்ளையும் வீட்டாரும்



மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடந்தால் மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் காதில் விழும். அதையடுத்த ஃபோர்ட் கொச்சியில், வெளி என்னுமிடத்துத் தோபிகானாவில், தமிழ்க் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருகின்றனர். இத்தகைய இடத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் தெருவே மகிழ்கிறது. அம்மகிழ்ச்சியை நாம் குறைகூற வரவில்லை. அதுவே சுமையாகப் பிள்ளையின் தோளில் ஏறுவதைத்தான் நாம் கவனிப்பதில்லை.

களமசேரிக்கோ வேறெங்கோ சென்று விடுதியில் தங்கும் அப்பிள்ளை, பள்ளியில் முதலிடத்தையே கண்டது. கல்லூரியிலோ அனைவருமே முதலிடம் பெற்று வந்தவர்கள்! அங்கும் யாரேனும் ஒருவர் கடைசியாக வந்துதானே தீர வேண்டும்? உடற்கூற்றியலில் தோற்ற செய்தியை, இனிப்பு வழங்கிய தெருவுக்கு எப்படிச் சொல்வது?

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் அளித்த அறிக்கையைக் காண்போம். விடையளித்த 25,590 இளநிலை மாணவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் தமக்கு மனநலக் குறை உண்டென்றனர். 16 பேர் உயிரை விடும் எண்ணம் எழுந்ததாகக் கூறினர். தாமாக முன்வந்து விடையளித்தவர்களின் கூற்றாதலால், எல்லா மாணவர்க்கும் இக்கணக்கு அப்படியே பொருந்துமெனக் கொள்ளலாகாது. ஆயினும், நாளை பிறர் நோயைத் தீர்க்கப் போகிறவர் தம் நோயைச் சொல்ல நாணி மறைப்பது வழக்கமே. பட்டமேற்படிப்பு மாணவர்க்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாதென 1992-லேயே விதி பிறந்தது. அது ஏட்டோடு நின்றதால்தான் பணி நேரத்தைக் குறைக்குமாறு பணிக்குழு மீண்டும் பரிந்துரைக்க நேர்ந்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொன்றும் உண்டு. பாட்டியும் அத்தையும் மாமாவும் சொந்த ஊரில் இருக்கிறார்கள். பிள்ளை பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கிறது. நோயாளியிடம் மலையாளத்தில் பேசுகிறது. அழுவதற்குத் தமிழைத் தேடுகிறது. இரவில் தொலைபேசியில் நாம் கேட்பதோ, "மதிப்பெண் எத்தனை?" என்பதே. "சாப்பிட்டாயா?" என்று கேட்டாலும், "ஆயிற்று" என்னும் ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சிறிது நேரம் நாம் வாய்மூடிக் காத்திருந்தால் மறுமுனையிலிருந்து உண்மை வரக்கூடும். அது தோல்விச் செய்தியாயினும் பதறலாகாது. தோற்ற பாடத்தை மீண்டும் எழுதத் துணைத் தேர்வு உண்டு.

வீட்டாரிடம் சொல்ல இயலாதவர்க்கு, 2022 முதல் டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதில் தமிழிலும் பேசலாம். உறக்கமோ உணவோ பல நாள் கெட்டிருந்தால் மருத்துவரிடம் நாமே உடன் செல்வோம்.

அடுத்த விடுமுறைக்குப் பிள்ளை வரும்போது அண்டை வீட்டார் மதிப்பெண் கேட்டு வரக்கூடும். பிள்ளையை உறங்கவிட்டு, வாசலில் நாமே அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவோம்.