பழைய கம்ப்யூட்டரும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "ஏதாவது தொழில்நுட்பம் பேசுப்பா, பத்து நிமிஷம்" என்றார். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்களாம். ஆகவே என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அதில் நான் ஏமாந்த கதையும் வருகிறது.

என் அக்கா மகள் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் முப்பரிமாணப் படங்கள் செய்து பழகுகிறாள். அவளிடம் இருப்பது 2012இல் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து எனக்கு வாங்கித் தந்த கம்ப்யூட்டர். என் இறுதியாண்டு ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான். 2023 நவம்பரில் பிளெண்டர் 4.0 வந்தது. "மாமா, புதுசு போட்டேன், திறக்கவே மாட்டேங்குது" என்று போன்.

காரணம் எளிது. அந்த கோர் ஐ5 சிப்புக்குள்ளேயே இருக்கும் படப் பகுதிக்கு ஓபன்ஜிஎல் 4.0 வரைதான் தெரியும். புதுப் பதிப்பு 4.3 கேட்கிறது. "பழசாயிடுச்சும்மா, புதுசுதான் வாங்கணும்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அத்தான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். ஐம்பதாயிரம் என்பது அந்த வீட்டில் விளையாட்டுத் தொகை இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள்தான் கார்டு யோசனை வந்தது. என்விடியா சிப்பைத்தான் வடிவமைக்கிறது. அதை வைத்து கார்டு செய்து விற்பது பெரும்பாலும் ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜோடாக் போன்ற வேறு கம்பெனிகள். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ எனக்குப் பிடித்திருந்தது. 4 ஜிபி நினைவகம், 75 வாட். மதர்போர்டின் நீளமான ஸ்லாட்டே 75 வாட் வரை தரும் என்பதால் தனி மின் ஒயர் வேண்டாம். (சில கம்பெனிகள் அதே சிப்புக்கு ஆறு பின் இணைப்பும் வைத்திருக்கின்றன. படத்தைப் பார்த்து வாங்குங்கள்.)

ஒரு சிறு கடையில் ரூ. 4,500க்கு ஒன்று கிடைத்தது. பின்னால் விஜிஏ சாக்கெட் இருந்தது. வீட்டில் இருப்பது பழைய விஜிஏ மானிட்டர். எவ்வளவு பொருத்தம் என்று மகிழ்ந்துபோனேன்! அந்த மகிழ்ச்சிதான் என் அறியாமை. 10 வரிசைச் சிப்புகளிலிருந்து என்விடியா அனலாக் வெளியீட்டையே எடுத்துவிட்டது. 1050 டிஐ என்று பெயர் ஒட்டி விஜிஏ சாக்கெட்டும் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டும். வாங்கின பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. படம் வந்தது, டிரைவர் போட்டதும் திரை கறுத்தது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். 2018இலிருந்து அதில் போலி என்விடியா கார்டைக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. பெயருக்கு முன்னாலேயே 'போலி' என்று காட்டியது. ஏதோ பழைய சிப்பின் பயாஸை மாற்றி எழுதி, புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் "டெஸ்ட் பண்ணித்தானே சார் கொடுத்தோம்" என்றார். பில் இல்லை. பன்னிரண்டு வருஷ இன்ஜினியர், பில் வாங்கவில்லை!

இரண்டாவது கார்டை ஒரு நண்பரிடம், அவர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்து, ரூ. 6,000க்கு வாங்கினேன். மாட்டும் முன் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பிப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். அதை நம்பாதீர்கள். 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். எங்களுடையதில் 14 ஆம்பியர், அதாவது 168 வாட். பிராசசருக்கு 77, கார்டுக்கு 75, கூட்டினால் 152. மீதி 16 வாட்டில் ஹார்ட் டிஸ்க், விசிறி எல்லாம் ஓட வேண்டும். கணக்கில் தேறுது, மனசுக்குத் தேறல. அதுவும் பன்னிரண்டு வயது எஸ்எம்பிஎஸ். ரூ. 2,200க்குப் புதுசு போட்டேன். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வர்ட்டர் ரூ. 350. ஆக, போலியைச் சேர்க்காமல் ரூ. 8,550.

ஸ்விட்சைப் போட்டால் திரையில் ஒன்றுமே இல்லை. எனக்கு வேர்த்துவிட்டது. அவள்தான் எட்டிப் பார்த்து, "மாமா, ஒயர் பழைய இடத்துலயே இருக்கு" என்றாள். மானிட்டர் ஒயரைக் கார்டில் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல.

பிளெண்டர் திறந்தது. தாத்தா வீட்டுத் திண்ணையைச் செய்து வைத்திருந்தாள். பழைய பதிப்பில் அந்த ஒரு படம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். இப்போது பதினான்கு நிமிஷம். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பதினான்கு நிமிஷமும் பார்த்தார். "தூண் கொஞ்சம் பருமனா இருக்கணும்மா" என்றார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த வரிசைக் கார்டுகளுக்கான வழக்கமான டிரைவர் வெளியீடு 2025 அக்டோபரோடு நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அவள் படிப்பை முடிக்க அது போதும் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்.

அந்தப் போலிக் கார்டைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் வந்தால் விஜிஏ சாக்கெட்டைக் கண்ணால் பார்க்கலாம்.