நிலைதவறாத நடை: அறிவுசார் குறைபாடுடையோருக்கு ஒரு பயிற்சித் திட்டம்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்குச் செல்வது தலைமுறை வழக்கம். எலும்பு கூடிவிடும், விழுந்ததற்கான காரணமோ அப்படியே இருக்கும். அறிவுசார் குறைபாடுடையோர் திறத்தில் இக்காரணம் தனியே ஆராயத்தக்கது. பிறருக்கு முதுமையில் நேரும் வீழ்ச்சிகள் இவர்களுக்கு இளமையிலேயே நேர்கின்றன எனப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் இத்தகையோர் சுமார் 15 லட்சம் பேர்.

உடல் நிலைகுலையாது நிற்க, கண், உட்செவி, தசை-மூட்டு உணர்வு ஆகிய மூன்றும் தரும் செய்திகளை மூளை ஒன்றிணைக்க வேண்டும். இவ்விணைப்பு இவர்களிடம் மெதுவாக நிகழலாம். டவுன் நோய்க்குறி உடையோருக்குத் தசைகளும் மூட்டுகளும் தளர்ந்திருக்கும். வலிப்பு நோய்க்கான மருந்துகள் சிலவும் தள்ளாட்டம் தரும். இவற்றோடு, விழுந்துவிடுவாரோ என அஞ்சி வீட்டார் ஓரிடத்தில் உட்கார வைத்துவிடுவதும் சேர்ந்துகொள்கிறது. அன்பினால் செய்வதுதான், ஆயினும் பயன்படாத தசை மேலும் நலிந்து, அஞ்சியதே நிகழ்கிறது.

பயிற்சிகள் மிக எளியவை. நாற்காலியிலிருந்து கையூன்றாது எழுதல், சுண்ணக்கட்டியால் இட்ட கோட்டின்மீது அடிமேல் அடிவைத்து நடத்தல், சுவரருகே ஒற்றைக்காலில் நிற்றல், தாழ்ந்த பலகையில் ஏறி இறங்குதல், பந்தெறிந்து பிடித்தல் ஆகியன போதும். விரித்துரைப்பதைவிடச் செய்து காட்டுவதே பயன் தரும். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வீதம் சில மாதங்கள் தொடர்ந்தால் சமநிலை மேம்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர ஆகும் நேரத்தைக் கடிகாரம் கொண்டு அளந்தே முன்னேற்றத்தை அறியலாம். ஓர் எச்சரிக்கை: டவுன் நோய்க்குறி உடையோருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்ந்திருக்கக்கூடுமாதலால், மருத்துவர் பார்க்குமுன் குட்டிக்கரணம் போன்றவை கூடா.

திருப்பதியில் வல்லுநர்க்குக் குறைவில்லை. ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் இயன்முறை மருத்துவக் கல்லூரி உள்ளது. தேவஸ்தானத்தின் 'பர்டு' மருத்துவமனை உடற்குறை உடையோருக்கெனவே இயங்குகிறது. மண்டல அளவிலான 'பவிதா' மையங்கள் பள்ளிப் பருவத்தினருக்கு உதவுகின்றன. இடர்ப்பாடு அதற்குப் பின்னர்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்விக்கு வகுத்த வயது 6 முதல் 18 வரை. பத்தொன்பதாம் வயதில் மையத்தின் வாயில் அடைபடுகிறது. கால்களுக்கு அந்த எல்லை தெரியாது.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள் என்பர். அவற்றையெல்லாம் ஏறவேண்டுமென்பதன்று. பேருந்தின் படியைத் துணையின்றி ஏற முடிந்தால் ஒருவர் வேலைக்குச் செல்லலாம்; அவரைக் காத்திருக்கும் தாயும் தம் கூலி நாளை இழக்கமாட்டார். நிதி ஒதுக்கீட்டில் இவ்விரட்டை ஆதாயம் கணக்கில் வருவதேயில்லை. முகாமில் வழங்கிய முச்சக்கர வண்டிகளை எண்ணி அறிக்கை அனுப்புவது எளிது. சமநிலையை ஒருநாள் முகாமில் வழங்க இயலாது. அதற்கு வாரந்தோறும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஊதியம் வேண்டும். செலவில் பெரும்பகுதி இதுவே. கருவிகளுக்கு ஆவது சொற்பம்.

பயிற்றுநரை இயன்முறை மருத்துவக் கல்லூரியே ஆயத்தம் செய்யலாம். மகளிர் சுயஉதவிக் குழுவினரில் விருப்பமுள்ளோரைத் தேர்ந்தெடுத்தால், வீட்டாருக்கும் தயக்கமிராது. பள்ளி முடிந்தபின், வாரம் இரு மாலைகள் பவிதா மையக் கூடத்தை 18 வயது கடந்தோருக்குத் திறந்துவிடலாம். வருகைப் பதிவேட்டில், அந்த மூன்று மீட்டர் நடைக்கு ஆன விநாடிகளைத் தொடக்கத்திலும் மூன்று மாதங்கள் கழித்தும் குறித்து வைத்தல் வேண்டும்.